ராணிக்கு ஒன்பது

பாலம் தூக்கியிருக்கிறதா என்று கேட்பதற்குத்தான் பிஸெர்த் ஊர் 'ரஹ்பா' என்ற செயலிக்கு வந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கப்பல் வந்தால் கால்வாய்ப் பாலம் மேலே போகும், இரண்டு கரையிலும் வண்டிகள் நிற்கும். எங்கள் ஊர்க்காரனுக்குக் காத்து நிற்பதென்றால் உடம்பெல்லாம் எரியும். அதனால் வீட்டை விட்டு இறங்குமுன் போனை எடுத்து ரஹ்பாவைத் திறந்து "பாலம்?" என்று ஒரு சொல் போடுவான். உடனே பதில் வரும்: "மேலே. கப்பல் பெரிது. காபி குடித்துவிட்டுக் கிளம்பவும். – நிர்வாகம்."

அந்த நிர்வாகம் ஓர் ஆண் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் என்று ஒரு கட்சி, கண்டிப்பான கணக்கு வாத்தியார் என்று இன்னொரு கட்சி. கெட்ட வார்த்தை எழுதினால் அடுத்த நொடி காணாமல் போகும். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கதை கட்டியவன் ஒரு மாதம் உள்ளே வர முடியாமல் வெளியே நின்றான். சாவுச் செய்தியில் செத்தவர் பெயரைத் தப்பாக எழுதினால் திருத்தமும் வரும், திட்டும் வரும். "ஸீ நிர்வாகம்" என்று பயபக்தியோடுதான் எழுதுவார்கள். 'ஸீ' போடுவது ஆம்பிளைக்கு மட்டும்.

நிர்வாகத்தின் பெயர் தலெந்தா. பழைய துறைமுகத்தை ஒட்டிய சந்தில் பிறந்து, அங்கேயே ஐம்பது வயதைத் தொட்டவள். அப்பா இழுவைப் படகில் வேலை பார்த்தவர். கட்டிய புருஷனைப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு "உனக்கு வேணுமா? கட்டிக்கோ" என்று பதில் சொன்னதால் இரண்டாம் தடவை யாரும் கேட்கவில்லை.

ரஹ்பாவுக்கு முன் அவள் பல வருஷம் ஒரு கால் சென்டரில் 'தானியேல்' என்ற பெயரில் இருந்தாள். எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு இப்படி ஒரு பகல் பெயர் உண்டு. பிரான்ஸில் எவன் வீட்டிலோ இன்டர்நெட் போய்விட்டால் போன் இங்கே அடிக்கும். எடுப்பவள் தானியேலாக, சில்வியாக, மார்த்தினாக இருக்கவேண்டும். தலெந்தா என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவனுக்கு இணைப்பு திரும்பி வந்தால்கூடத் திருப்தி வராது. பிறகு ஸ்காந்தர் என்ற உள்ளூர்ப் பையன் ரஹ்பாவை ஆரம்பித்து அவளைக் கூப்பிட்டபோது தானியேலைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தாள். வந்த இடத்தில் 'நிர்வாகம்' ஆனாள். தன் பெயர் மட்டும் எப்போதும்போலப் பையிலேயே கிடந்தது.

ரஹ்பாவின் அலுவலகம் துறைமுகத்துக் காபிக் கடையின் மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பாலம் தெரியும். கீழே கடையில் ஆண்கள் காலையிலிருந்து சீட்டு ஆடுவார்கள். ஆட்டத்தின் பெயர் ஷ்கொப்பா. சீட்டை மேஜையில் அறையும் சத்தத்தில் அவள் மேஜையில் உள்ள டம்ளர் குலுங்கும். அந்தக் கடைக்கு மெஹ்ரஸ்தான் ராஜா. கிழவர், முன்னாள் மீன்பிடிப் படகு முதலாளி, தொண்டை கப்பல் சங்கு. அவரை 'அம்' என்று ஊரே சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடும்.

தலெந்தா மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவர் விசாரிப்பார். "என்ன லல்லா, மாடியில தூசு ரொம்பவோ?" 'லல்லா' எந்தப் பெண்ணுக்கும் போடும் மரியாதை; அவளை அறை கூட்டவருபவள் என்றுதான் நினைத்திருந்தார்.

"ரொம்ப, அம் மெஹ்ரஸ். தினமும் கூட்டுறேன், தினமும் சேருது" என்பாள். அன்று காலை அழித்ததில் பாதி அவர் எழுதியதாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்புக்கு ஒரு வசந்தகாலத்தில் ஆபத்து வந்தது. பெரிய கம்பெனிகளின் செயலிகள் ஊரை அள்ளிக்கொண்டு போய்விட்டன. இளசுகள் ஆடல் பாடல் வீடியோ பார்க்கப் போனார்கள், கல்யாணப் போட்டோவெல்லாம் வேறு இடத்துக்குப் போனது. ரஹ்பாவில் மிஞ்சியது பாலமும் சாவும் தொலைந்த சாவியும்தான். தலைநகர் தூனிஸில் இருந்த பணம் போட்டவர்கள் ஸ்காந்தரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"கோடை முடியறதுக்குள்ள ஜனம் திரும்பி வரணுமாம் லல்லா. இல்லேன்னா மூடிடுவாங்க."

"ஜனம் எதுக்கு வரும்? நீ என்ன வெச்சிருக்கே அவங்களுக்கு?"

"அதான், சின்னச் சின்ன ஆட்டம் வைக்கணுமாம். நம்மளை மாதிரிச் சின்ன இடமெல்லாம் இப்ப அப்படித்தான் உயிர் பிழைக்குதாம். ஆட வந்தவன் அப்படியே உக்காந்து பேசுவானாம்."

"ஒன்பது வருஷமா நான் கட்டிக் காத்த இடத்தைக் குழந்தைங்க பூங்கா ஆக்கப் போறே."

"மூடினா பூங்காவும் இல்ல, நீங்களும் இல்ல, நானும் இல்ல!"

அவன் சொன்னது உண்மை. ஐம்பது வயதில் மறுபடி தானியேலாகப் போய் ஹெட்போன் மாட்ட அவள் தயாராக இல்லை. அதைவிட, பாலம் மேலே இருக்கிறதா என்று இந்த ஊருக்கு இனி யார் சொல்வது? எவனோ கடலுக்கு அப்பால் உட்கார்ந்து சொல்வானா? நினைத்தபோதே கோபம் வந்தது.

முதலில் பழம் வெட்டும் ஆட்டம் வைத்தான் ஸ்காந்தர். பிறகு குமிழி உடைக்கும் ஆட்டம். ஆட வந்தது அவன் அம்மா மட்டும்.

"இந்த ஊர்ல ஆட்டம்னா ஒண்ணுதான்டா இருக்கு. கீழே கேக்கலே?" என்றாள் தலெந்தா.

ஸ்காந்தருக்குச் சீட்டு தெரியாது. அப்பா சூதாடித் தொலைத்த வீடு, சீட்டுக்கட்டே உள்ளே வரக்கூடாது என்று வளர்த்தார்கள். இத்தாலியில் யாரோ செய்து வைத்திருந்த ஆட்டம் நம்முடையதைப் போலவே இருந்ததால் அதை வாங்கி, ஷ்கொப்பா என்று பெயர் எழுதி அவளிடம் கொடுத்தான். சரியாக இருக்கிறதா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் எளிது. தரையில் சீட்டுகள் கிடக்கும். உன் கையிலுள்ள சீட்டின் மதிப்புக்குச் சமமான ஒன்றையோ, கூட்டினால் சமமாகும் இரண்டு மூன்றையோ அள்ளலாம். தரையைச் சுத்தமாகத் துடைத்து அள்ளினால் அதுதான் ஷ்கொப்பா, ஒரு புள்ளி. டைமண்ட் ஏழுக்கு 'உயிர் ஏழு' என்று பெயர், அதைப் பிடித்தவனுக்குத் தனியாக ஒரு புள்ளி. படச் சீட்டுகளுக்கும் மதிப்பு உண்டு. தலெந்தா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ராஜா பத்து. ராணி ஒன்பது. ஜாக்கி எட்டு. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் சரியில்லை. பிஸெர்த்தில் மட்டுமல்ல, நாடு முழுக்க எந்தக் காபிக் கடையிலும் ஜாக்கிதான் ஒன்பது, ராணி எட்டு. வழியில் போகிற எவனைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வான். ஆனால் தலெந்தா காபிக் கடையில் உட்கார்ந்தவள் அல்லவே. அவள் ஆடியது மொட்டை மாடியில், காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவில், அம்மாவோடும் சந்துப் பெண்களோடும். அந்த மாடிக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தவள் அடுத்த வீட்டு சிசிலிக்காரி கொன்செத்தா. மற்ற இத்தாலியர்கள் கப்பலேறிய பிறகும் போகமாட்டேன் என்று இங்கேயே இருந்து செத்தவள். அவள் ஊர்க் கணக்கில் ராணி ஜாக்கியைவிடப் பெரியவள். அம்மாவும் மற்றவர்களும் அப்படியே கற்றுக்கொண்டார்கள். ஆண்கள் கீழே ஒரு கணக்கிலும் பெண்கள் மேலே ஒரு கணக்கிலும் ஆடுகிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியாது, ஏனென்றால் இரு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததே இல்லை.

ஒரு வியாழக்கிழமை பகலில், பெரிய எண்ணெய்க் கப்பல் வந்து பாலம் மேலே போன நேரமாகப் பார்த்து ஆட்டத்தைத் திறந்தார்கள். "பாலம் இறங்க நேரமாகும். அதுவரை ஒரு கை போடுங்கள். – நிர்வாகம்." வண்டியில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் திறந்தார்கள். ஸ்காந்தர் திரையைப் பார்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டான்.

முதல் சத்தம் தரைக்குக் கீழிருந்து வந்தது.

"எவன்டா அவன்! ஜாக்கி தலையில ராணியைத் தூக்கி உக்கார வெச்சவன் எவன்டா!"

அடுத்தது ரஹ்பாவில் வந்தது. வசை மழை. ஸீ நிர்வாகம் குடித்திருக்கிறாரா? ஸீ நிர்வாகத்துக்கு வீட்டில் பெண்டாட்டி ராஜ்யமா? ஒருவன் பாலத்து வரிசையில் வண்டியை விட்டு இறங்கி, முன்னால் நின்றவனின் கண்ணாடியைத் தட்டி, ராணி எட்டா ஒன்பதா என்று கேட்டானாம். பாலம் இறங்கியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேரும் நகரவில்லை.

தலெந்தாவுக்கு முகம் சூடாகிப் போனது. "ஜாக்கியா ஒன்பது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"லல்லா, நீங்கதானே பார்த்தீங்க!" ஸ்காந்தர் அழாத குறை.

"பார்த்தேன். எங்க வீட்டு ஆட்டம் அப்படித்தான்."

"உங்க வீட்டு ஆட்டத்தை ஊர் தலையில கட்டிட்டீங்களே! மெஹ்ரஸ் எழுதியிருக்கார், பாருங்க. நாளைக்குள்ள மாத்தலேன்னா கடை மொத்தமும் வெளியேறுதாம். அவர் போனா மீன் சந்தை போகும், கால்பந்துக் கும்பல் போகும், பாதி ஊர் போகும். நிர்வாகம் பேர்ல ஒரு மன்னிப்பு எழுதுங்க. ஜாக்கியை மேலே ஏத்திடறேன்."

எழுதத்தான் உட்கார்ந்தாள். "தவறுக்கு வருந்துகிறோம்" என்று அடித்தும்விட்டாள். அதை அனுப்புமுன் கீழே ஒரு வரி வந்து விழுந்தது. எழுதியவள் ஷெத்லியா, மத்தி மீன் விற்பவரின் மனைவி. இத்தனை வருஷத்தில் "பாலம்?" என்பதைத் தவிர அவள் எதுவும் எழுதியதில்லை.

"எங்க வீட்லயும் ராணி ஒன்பதுதான். எதுக்கு இந்தக் கூச்சல்?"

அதற்குக் கீழே இன்னொருத்தி: "எங்க சந்துலயும்." இன்னொருத்தி: "எங்க அத்தை வீட்ல அப்படித்தான் ஆடுவோம். ஜாக்கி யாரு? ராணிக்குக் குதிரை பிடிக்கிற பையன்." அதற்கு ஒரு ஆள் "சமையலைப் பாருங்கள்" என்று எழுத, அவன் சொந்தத் தங்கையே வந்து, நேற்று அவன் லப்லாபி என்ற கொண்டைக்கடலை சூப்பில் உப்புப் போட மறந்த கதையைச் சொன்னாள். இவ்வளவு பெண்கள் ரஹ்பாவில் இருப்பது தலெந்தாவுக்கே அன்றுதான் தெரிந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடித்த மன்னிப்பை அழித்தாள். நிர்வாகம் என்ற பெயரையும் அழித்தாள். எழுதினாள்:

"நான் தலெந்தா, இழுவைப் படகு உமாரின் மகள். நிர்வாகம் நான்தான், ஆரம்பத்திலிருந்தே நான்தான். காபிக் கடை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன், கூட்டவருபவள் இல்லை. என் அம்மாவின் மாடியில் ராணிக்கு ஒன்பது. ரஹ்பாவிலும் ஒன்பது. பிடிக்காதவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போகவும்."

"ஐயோ! போச்சு!" என்று ஸ்காந்தர் நாற்காலியில் சரிந்தான்.

"போகட்டும். மன்னிப்புக் கேட்டு உயிர் வாழணும்னா கால் சென்டர்லயே இருந்திருப்பேனே. அங்க சம்பளமும் ஜாஸ்தி."

கொஞ்ச நேரம் கழித்து, மெஹ்ரஸ் போனைக்கூட எடுக்காமல், தெருவில் வந்து நின்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ உமார் மவளே! நிஜமாவே நீதானா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "நான்தான்."

"என்னைப் போன ரமலான்ல ரெண்டு வாரம் வெளியே தள்ளினது?"

"அதுவும் நான்தான். நீங்க எழுதினதை இப்ப தெருவுல வாசிக்கவா?"

கடை சிரித்தது. மெஹ்ரஸ் திரும்பி முறைத்தார், சிரிப்பு நின்றது. "சரி. ஆடத் தெரியுமா உனக்கு? என்கூட ஒரு ஆட்டம் போடு, ஊர் பாக்கட்டும். நீ தோத்தா ஜாக்கி மேலே போவான், நீ மன்னிப்புக் கேக்கணும்."

"போடலாம். ஆனா எங்க மேஜையில. ராணிக்கு ஒன்பது."

"எந்த மேஜையா இருந்தா எனக்கென்ன? கிணத்துக்குள்ள போட்டாலும் ஜெயிப்பேன்!"

சனிக்கிழமை மதியம் ஆட்டம். அவள் மாடியில், அவர் கீழே, நடுவில் ஒரு தளம். கால்வாயில் அன்று கப்பல் இல்லை, ஆனாலும் வண்டிகள் ஓரமாக நின்றன. ஷெத்லியா வீட்டில் சந்துப் பெண்கள் கூடி ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திரையின் மூலையில் ஆட்டம் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, ஸ்காந்தர் அதையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தான்.

இருபத்தொரு புள்ளி எடுத்தவர் ஜெயம். தலெந்தா நன்றாக ஆடினாள், கிழவரும் சளைக்கவில்லை. கடைசியில் அவள் இருபது, அவர் பத்தொன்பது. தரையில் உயிர் ஏழு மட்டும் தனியாகக் கிடந்தது. அவள் கையில் ஒரு ராணி, ஒரு இரண்டு. அவள் முறை.

இரண்டைக் கீழே போட்டால் ஏழும் இரண்டும் ஒன்பது. அடுத்த சுற்றில் ராணியால் மொத்தமாக அள்ளிவிடலாம். நடுவில் மெஹ்ரஸ் கையிலும் ஒரு ராணி இருந்தால் ஆபத்துதான். ஆனால் அந்தக் கிழவர் ராணியை எட்டு என்று பார்த்தே தாடி நரைத்தவர். கண் எட்டைத்தான் பார்க்கும். தலெந்தா இரண்டைப் போட்டாள்.

கீழே யாரோ கிசுகிசுத்தான், "சும்மா இருடா!" என்று மெஹ்ரஸ் அதட்டுவது கேட்டது. பிறகு மேஜை அதிர்ந்தது. மனுஷன் பழக்க தோஷத்தில் சீட்டை அறைவதுபோலப் போனையே மேஜையில் அறைந்திருந்தார்.

"ஷ்கொப்பா! ராணி! ஒன்பதுடா! உயிர் ஏழையும் அள்ளிட்டேன்! யா ராணி, என் ராணி!"

துடைத்ததற்கு ஒன்று, உயிர் ஏழுக்கு ஒன்று. இருபத்தொன்று. கடையே எழுந்து நின்று கத்தியது. நாற்காலி விழுந்தது, கண்ணாடி டம்ளர் உடைந்தது. தலெந்தா கையில் மிஞ்சிய ராணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோற்றது வலித்தது, அதை அவள் பிறகும் மறைக்கவில்லை.

"சொன்ன வாக்கு லல்லா. மாத்திடவா?" என்றான் ஸ்காந்தர் மெதுவாக.

அவள் கீழே கேட்கும் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ராணி, ராணி என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு மாடிப்படியில் விடுவிடுவென்று இறங்கி, இத்தனை வருஷமாகத் தாண்டிப் போன அந்தக் கடைக்குள் நுழைந்தாள்.

"தோத்துட்டேன், அம் மெஹ்ரஸ். வாக்கு வாக்குதான். இப்பவே ஜாக்கியை மேலே ஏத்தச் சொல்றேன், மன்னிப்பும் கேக்கறேன்."

"அப்படி வா வழிக்கு!"

"ஒரே ஒரு சங்கடம். ராணி எட்டுன்னா, எட்டை வெச்சு ஏழையும் ரெண்டையும் எப்படி அள்ளினீங்க? நான் போட்ட கணக்கு தப்புன்னு ஆனா, நீங்க அள்ளினது திருட்டு அள்ளல். அதையும் சேத்து எழுதிடறேன். 'அம் மெஹ்ரஸ் ஜெயித்தது செல்லாது.' சரிதானே?"

கடைப் பையன்கள், கிழவர்கள், பால் நுரைத்துக்கொண்டிருந்த கடைக்காரர், எல்லோரும் மெஹ்ரஸைப் பார்த்தார்கள். மெஹ்ரஸ் உடைந்த திரையைப் பார்த்தார். அதில் ராணி விரிசலுக்குப் பின்னால் இன்னும் தெரிந்தாள். வாழ்நாளில் ஊரே பார்க்க அவர் அடித்த ஷ்கொப்பா அது ஒன்றுதான்.

"எவன் சொன்னான் செல்லாதுன்னு?" என்று உறுமினார். கடையைச் சுற்றிப் பார்த்தார். "ராணிக்கு ஒன்பது. ரஹ்பாவுல ஒன்பது. நான் சொல்றேன். எவனுக்காவது ஆட்சேபணை இருந்தா எந்திரிச்சு நில்லு, பாக்கலாம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மாடி ஜன்னலில் இருந்து ஸ்காந்தர் தலையை நீட்டி, தூனிஸிலிருந்து போன் என்று கத்தினான். இவ்வளவு ஜனம் ஒரே நேரத்தில் வந்ததை அவர்கள் பார்த்ததில்லையாம், மூடும் பேச்சை விட்டுவிட்டார்களாம். சண்டையை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்களாம்.

"குறைக்க மாட்டேன்னு சொல்லு!" என்று தலெந்தா மேலே பார்த்துப் பதில் கத்தினாள்.

பிறகு, யாரும் உட்காரச் சொல்லாமலே, மெஹ்ரஸுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கபுசின் காபி கேட்டாள். கடைக்காரர் ஒரு கணம் மெஹ்ரஸைப் பார்த்தார். மெஹ்ரஸ் வேறு பக்கம் பார்த்தார். கபுசின் வந்தது.

கிழவர் அழுக்கேறிய சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தார். "லல்லா தலெந்தா, இப்பவே சொல்லிட்டேன். மேலே உன் மேஜையில எப்படியோ இருக்கட்டும். இந்த மேஜையில ஜாக்கிதான் ஒன்பது."

"போடுங்க, அம் மெஹ்ரஸ்" என்றாள் அவள். "உங்க கணக்குலயும் உங்களைத் தோக்கடிச்சாத்தானே எனக்குத் தூக்கம் வரும்."